தண்ணீர் வரும் நாளில் வந்த மயக்கம்: கொருக்குப்பேட்டை வீடு ஒன்றின் காலை நேரம்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு குடும்பத்தில் நடந்ததை அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீடு தேடிப் போய் முதியவர்களைப் பார்க்கும் ஒரு சிறு குழுவில் நான் சமூகப் பணியாளர். டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டியது, குறைத்தது எல்லாம் அவருடைய டாக்டர் எடுத்த முடிவு. வீட்டுப் பெரியவரைப் பேரப்பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவார்கள், தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. இங்கேயும் ஆயா என்றே இருக்கட்டும்.

பின்னணி

ஐந்து குடித்தனம் உள்ள லைன் வீடு. நடுவில் ஒரு நடை, கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், வாசல் பக்கம் ஒரு அடி பம்ப். ஆயா குடும்பத்துக்கு ஒரு அறையும் ஒரு சமையல் கட்டும். அதில் ஐந்து பேர்.

ஆயாவுக்கு 67 வயது. பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை, அதோடு ரத்தக் கொதிப்பு. கணவர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில் மூடிய பிறகு கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்து, சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். மகனுக்கு 42. மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் மூன்று ஷிப்ட் வேலை, வாரத்துக்கு வாரம் மாறும். காலை 6 முதல் 2 வரை, மதியம் 2 முதல் இரவு 10 வரை, இரவு 10 முதல் காலை 6 வரை. மருமகளுக்கு 36. பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு உடுப்பு தைத்துக் கொடுக்கும் யூனிட்டில் வேலை, ஒன்பதே காலுக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பேத்தி பத்தாம் வகுப்பு, ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். பேரன் மாநகராட்சிப் பள்ளியில் நாலாம் வகுப்பு.

மெட்ரோ வாட்டர் அந்தத் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. பெரும்பாலும் ஐந்தரைக்கு மேல் வரும், சில நாள் ஆறே முக்காலுக்கு. வந்தால் ஒன்றரை மணி நேரம், அதிகம் போனால் இரண்டு. ஐந்து குடித்தனமும் முறை வைத்து அடித்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு ஒரு முறைக்குப் பன்னிரண்டு குடம் கணக்கு.

மருமகளுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு பயம் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வற்றிப் போனபோது, சின்னப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நடுராத்திரியில் லாரிக்காகக் காத்திருந்தவர் அவர். அதற்கப்புறம் எல்லாப் பாத்திரமும் நிரம்பாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். தண்ணீர் நாளில் அந்த வீட்டில் காலைச் சமையல் எத்தனை மணிக்கு என்பதைப் பம்புதான் முடிவு செய்யும்.

ஆயாவின் பழக்கம் இதற்கு நேர் எதிர். மில் சங்குக்கு அடுப்பு மூட்டி, சங்குக்கு டிபன் பாக்ஸ் கட்டி, சங்குக்குப் பிள்ளையை எழுப்பி இருபது வருடம் குடும்பம் நடத்தியவர். சங்கு நின்று கால் நூற்றாண்டு ஆன பிறகும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே எல்லாம் செய்வார். சர்க்கரை மாத்திரை சரியாகக் காலை ஏழு மணிக்கு. ஒரு நாளும் தவறியதில்லை. இத்தனை ஒழுங்காக மாத்திரை போடும் முதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்று காலை

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. தண்ணீர் தாமதமாக வந்ததால் ஒன்பது மணி ஆகியும் மருமகள் பம்படியில்தான் இருந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் பாதி ட்ரம்மை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. பேத்தி கிளம்பிப் போயிருந்தாள். பேரனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு அனுப்பவில்லை. அவன்தான் முதலில் பார்த்தான். ஆயா வாசற்படியில் உட்கார்ந்து ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட் முழுக்க வியர்வை. “சங்கு ஊதிடுச்சு, டிபன் பாக்ஸ் இன்னும் கட்டலியா?” என்று அவனிடம் கேட்டிருக்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்து அவன் சிரித்திருக்கிறான். அடுத்த நிமிடம் ஆயா ஒரு பக்கமாகச் சரிந்தார்.

பித்த மயக்கம் என்று பக்கத்துக் குடித்தனத்தில் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார்கள். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்தச் சர்க்கரை 44. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, மதியத்துக்குள் “என்னை எதுக்குடா இங்க கொண்டாந்தீங்க?” என்று மகனைத் திட்டும் அளவுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டு, “சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க, வழக்கமா பாக்கற டாக்டரைப் போய்ப் பாருங்க” என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆளுக்கு ஒரு காரணம்

நாங்கள் போனது அதற்கு அடுத்த வாரம். அதற்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டிருந்தது: மருமகள் மாமியாரைப் பட்டினி போடுகிறாள்.

மகன் சொன்ன காரணம் அம்மாவின் பிடிவாதம். மருமகள் எங்களிடம் பேசவே விரும்பவில்லை. கடைசியில், “எனக்கு இருக்கறது ரெண்டு கைதான். தண்ணி புடிப்பேனா, இட்லி ஊத்துவேனா?” என்று மட்டும் சொன்னார். ஆயாவோ, “நான் எப்பவும் துன்னுட்டுத்தான் மாத்திரை போடறேன்” என்று அடித்துச் சொன்னார். அவர் மறைப்பதாக மகன் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழு மணி மாத்திரையும் காலைச் சாப்பாடும் பல வருடமாக அடுத்தடுத்து நடந்த காரியங்கள். அவர் மனதில் அவை இன்னும் பிரியவே இல்லை.

நாங்கள் முதலில் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மகனுக்கு மதிய ஷிப்ட். காலையில் அவர் வீட்டில் இருந்ததால் குடங்களை அவரே தூக்கினார். ஏழு மணிக்கு மாத்திரை, ஏழரைக்குள் நாலு இட்லி. ஆயா சொன்னது ஏறக்குறைய உண்மையாக இருந்தது. மாத்திரைக்கு முன்னால் சாப்பாடு என்று எழுதிக் கொடுத்து, சர்க்கரை பார்க்கும் மீட்டர் ஒன்றையும் இரவலாகக் கொடுத்துவிட்டு வந்தோம். எண்களைப் பேத்தி தன் ரஃப் நோட்டில் எழுதி வைத்தாள். இரவு ஷிப்ட் வாரமும் அமைதியாகப் போனது. காலை ஷிப்ட் வாரம் வந்தது. தண்ணீர் வந்த முதல் நாள் ஒன்பது மணிக்கு மீட்டரில் 61. ஆயா ஏழு மணிக்கு மாத்திரை போட்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன் போடக்கூடாது என்று தெரியாதா என்றால், தெரியும். “இதோ வந்துடறேன்னுதானே சொன்னா” என்றார். மருமகள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பம்படிக்குப் போகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான்.

காலண்டரில் இருந்தது

சமையல் கட்டுக் கதவில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. மருமகள் அதில் கேஸ் பதிந்த தேதி, பால் வாங்காத நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் குறித்து வைப்பார். தண்ணீர் வந்த நாளுக்கு ‘த’ என்று ஒரு எழுத்து. கணவரின் ஷிப்டுக்கு மா, ம, இ. காலை என்பதற்குக் ‘கா’ என்று எழுதினால் காசோடு குழம்புகிறது என்று ‘மார்னிங்’கின் முதல் எழுத்தைப் போட்டிருந்தார். இந்த வீட்டைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல ஆவணம் அதுதான். மருத்துவமனைச் சீட்டில்கூட அவ்வளவு தகவல் இல்லை.

அந்த வியாழக்கிழமைக்கு முன்னாலும் ஆயாவுக்கு மூன்று தடவை தலை சுற்றல் வந்திருந்தது. பேத்திக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருந்தது. ஒன்று அவளுடைய திருப்புதல் தேர்வு நாள், இன்னொன்று பக்கத்து வீட்டு வளைகாப்பு, இப்படி. நாலு நாளையும் காலண்டரில் தேடினால் நாலிலும் ‘த’ இருந்தது, நாலிலும் ‘மா’ இருந்தது. தண்ணீர் நாளாக மட்டும் இருந்து மகன் வீட்டில் இருந்தால் ஒன்றும் இல்லை. காலை ஷிப்டாக இருந்து தண்ணீர் வராவிட்டாலும் ஒன்றும் இல்லை. இரண்டும் சேர்ந்த நாளில்தான் தலை சுற்றியிருக்கிறது.

ஏன் என்பதற்கு ராத்திரிச் சாப்பாட்டையும் கேட்க வேண்டியிருந்தது. காலை ஷிப்டுக்கு மகன் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அதனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் ஏழரைக்கே சாப்பாடு முடிந்து, ஒன்பதுக்கு விளக்கு அணைந்துவிடும். ஏழரைக்குச் சாப்பிட்டவர் மறுநாள் ஒன்பதரைக்குத்தான் வாயில் ஏதாவது போடுகிறார். பதினாலு மணி நேரம். அந்த வெறும் வயிற்றில் ஏழு மணிக்குக் கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டிருக்காது. கூட இருந்த மெட்ஃபார்மின் தனியாகக் கொடுத்தால் சர்க்கரையை இப்படிக் கீழே தள்ளுவது அபூர்வம்.

மதிய ஷிப்ட் வாரத்தில் கதை தலைகீழ். மகன் வீடு வந்து சேரப் பதினொன்று ஆகும். அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் ஆயாவுக்குச் சோறு இறங்கும். பிப்ரவரியில் வழக்கமான பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தது அப்படி ஒரு வாரத்தில். இரவு பதினொன்றுக்கு மேல் சாப்பிட்டு, காலை ஆறரைக்கு ஊசி. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இங்கே அது இல்லை. 188 என்று வந்தது. டாக்டர் கையில் இருந்தது அந்த ஒரு எண்தான், அதை வைத்து கிளிமிபிரைடை 1 மில்லிகிராமிலிருந்து 2 மில்லிகிராமாகக் கூட்டினார். பேத்தியின் நோட்டில் காலை ஷிப்ட் வார ஆறரை மணி எண் 96. ஒரே ஆள், ஒரே உடம்பு, வாரம் மட்டும் வேறு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பேரன் ஒன்றாம் வகுப்பு போன காலத்தில், தண்ணீர் நாளோ இல்லையோ, ஏழரைக்கு அவனுக்கு இட்லி ஊத்தியாக வேண்டும். ஊட்டிவிடுவது ஆயா. அவனோடு தானும் சாப்பிட்டுவிடுவார். அப்புறம் அவனுடைய பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த திட்டம், அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. மருமகளுக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பையன் பள்ளியில் பொங்கலோ கிச்சடியோ சாப்பிடுகிறான். பேத்தி டீயும் பிஸ்கட்டும் போதும் என்று ஓடிவிடுகிறாள். வீட்டில் ஏழரை மணிக்குச் சமைத்தே ஆக வேண்டிய ஆள் யாரும் இல்லாமல் போய்விட்டார். ஆயாவும் அதே நேரத்துக்குப் பசிக்கிற ஆள்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கே தோன்றவில்லை.

எடுத்த முடிவுகள்

61 வந்த நாளுக்கு மறுநாள் தண்ணீர் இல்லை. ஏழரைக்குச் சாப்பிட்டார், ஒன்பதுக்கு 148. அதற்கும் மறுநாள் தண்ணீர், மாத்திரையை அன்று சாப்பாடு வரும் வரை நிறுத்தி வைத்தும் 72. இனியும் காத்திருந்து எண் சேர்க்கத் தேவையில்லை என்று, நோட்டையும் காலண்டரின் அந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். மகனையும் அழைத்துப் போனோம். மருமகள் தனியாகப் போய் இதைச் சொன்னால் தன் மேல் உள்ள பழியைத் துடைத்துக்கொள்ளச் சொல்வதாக வீட்டில் நினைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

டாக்டர் மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்தார். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினினும் எழுதிக் கொடுத்தார். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமானாலும் இந்த வகை மாத்திரை உடம்பில் கூடுதல் நேரம் தங்கிவிடும் என்றார். எச்பிஏ1சி 7.4 வந்தது. இந்த வயதில், விழுந்து எழுந்தவருக்கு, இதற்குக் கீழே இறக்க அவசரம் வேண்டாம் என்பது அவர் முடிவு. இன்னொரு விஷயமும் சொன்னார், எங்களுக்கு அது மிக முக்கியமாகப் பட்டது. ஆயா கொதிப்புக்குப் போடும் அட்டினோலால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அமுக்கிவிடக்கூடும். வியர்வையை அமுக்காது. அதனால் இந்த வீட்டில் பார்க்க வேண்டிய அறிகுறி வியர்வை.

மிச்சம் வீட்டுக்குள் தீர்க்க வேண்டியது.

தட்டு வந்த பிறகு மாத்திரை என்றோம். மாத்திரை டப்பாவைச் சாமி படத்துக்குக் கீழேயிருந்து எடுத்துச் சமையல் கட்டில் தட்டு அடுக்கும் இடத்தில் வைக்கச் சொன்னோம். டப்பா இடம் மாறியது, ஆயா மாறவில்லை. ஏழு மணிக்கு எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொண்டார். ஐம்பது வருடப் பழக்கத்தை டப்பாவை நகர்த்தி மாற்ற முடியாது, சரி. கடிகாரத்தை அவரிடமிருந்து பிடுங்குவதை விட்டு, ஏழு மணிக்குள் சாப்பாட்டைக் கொண்டுவருவது எப்படி என்று யோசித்தோம்.

அவரே சமைத்துக்கொள்ளலாமே என்பது பேத்தி கேட்ட கேள்வி. அங்கேதான் வீட்டின் நிஜமான புண் இருந்தது. இரண்டு வருடம் முன் ஆயா ஒரு தடவை கேஸைத் திறந்து வைத்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டார். அன்றிலிருந்து மருமகள் அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. மருமகளுக்கு அது பயம். ஆயாவுக்கு அது, தான் இருபது வருடம் ஆண்ட இடத்திலிருந்து தன்னை வெளியே தள்ளியது. “இவ போட்டாத்தான் எனக்குச் சோறு” என்று அவர் தெருவில் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். தெரு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

அடுப்பு இல்லாத சாப்பாடு ஒன்று வேண்டும். ஆயாவே சொன்னார், கூழ் என்று. கேழ்வரகு மாவும் நொய்யும் போட்டு முதல் நாள் ராத்திரியே கிண்டி வைத்துவிட்டால், காலையில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்துக்கொள்ள நெருப்பு வேண்டாம், சின்ன வெங்காயம் போதும். ராத்திரி கிண்டுவது மருமகள், காலையில் கரைப்பது ஆயா. கரைப்பதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ராத்திரியே மூடி வைக்கப்படும், அதை வேறு யாரும் எடுக்கக்கூடாது. எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். இட்லி பிறகு வந்தால் இரண்டோடு நிறுத்திக்கொள்வது என்று ஏற்பாடு.

பம்ப் முறையிலும் கைவைத்தோம். பன்னிரண்டு குடத்தையும் ஒரே மூச்சில் அடிப்பதற்குப் பதில், முதலில் நாலு குடம் சமையலுக்கு, கடைசியில் எட்டுக் குடம் மற்றதற்கு என்று பிரிக்க முடிந்தால் மருமகள் நடுவில் முக்கால் மணி நேரம் வீட்டுக்குள் வரலாம். நாங்கள் மற்ற குடித்தனங்களிடம் பேசுவதாக இருந்தோம். ஆயா வேண்டாம் என்றுவிட்டார். நடையில் பாயைப் போட்டு உட்கார்ந்து, கடைசிக் குடித்தனத்து அம்மாவைக் கூப்பிட்டு அவரே பேசினார். “உனக்கு வெடிகாலைல இன்னா அவசரம், உம்புள்ள எட்டு மணிக்குத்தான எழுந்திரிக்குது. என் மருமவளுக்கு மொத நாலு கொடம் வுடு, கடைசில அவ நின்னுக்கறா.” அந்த அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு இவர்களுக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார், அது நியாயமும்கூட. இரண்டு நாள் கழித்து, காலை ஷிப்ட் வாரத்துக்கு மட்டும் என்று சரி சொன்னார். என் மருமவ என்று ஆயா நடையில் வைத்துச் சொன்னதை, பம்படியில் நின்றிருந்த மருமகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரிச் சாப்பாடு மகனிடம் விடப்பட்டது. மதிய ஷிப்ட் வாரத்தில் அம்மா எட்டரைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும், அவர் வரும்போது கூட உட்கார்ந்து அரை டம்ளர் சர்க்கரை போடாத பால் குடிக்கலாம். காலை ஷிப்ட் வாரத்தில் வீடு ஏழரைக்குச் சாப்பிட்டாலும், படுக்கும் முன் ஆயாவுக்கு அதே பால்.

கடைசியாக, சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் காகிதத்தில் மடித்துப் பொட்டலமாக்கி, தட்டு அலமாரியில் ஒன்று, ஆயாவின் சுருக்குப் பையில் ஒன்று. வியர்த்தாலோ, பேச்சு மாறினாலோ உடனே அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது, பதினைந்து நிமிடம் கழித்து மீட்டரில் பார்ப்பது, ஏறாவிட்டால் இன்னொரு பொட்டலம், ஏறியதும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. இதைப் பேரனுக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தோம், முதலில் பார்க்கிறவன் அவன் என்பதால்.

பிறகு நடந்தது

அடுத்த காலை ஷிப்ட் வாரத்தில் தண்ணீர் நாட்களின் ஒன்பது மணி எண்கள் 118, 131, 109. தலை சுற்றல் இல்லை. ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் ஒழுங்காகப் போயின. நடுவில் ஒரு வாரம் பம்பில் கலங்கல் தண்ணீர் வந்து, சமையலுக்குக் கேன் வாங்க வேண்டியதாயிற்று. கூழ் ஏற்பாடு அப்போதும் தடைபடவில்லை.

ஆடியில் தடைபட்டது. தெரு அம்மன் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்த்தல். அம்மனுக்குப் படைக்கும் வரை ஆயா பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார், அது கல்யாணமான வருடத்திலிருந்து உள்ள விரதம். ஆனால் ஏழு மணி மாத்திரை போடப்பட்டது. விரதம் சாப்பாட்டுக்குத்தானே, மருந்துக்கு இல்லையே என்பது அவர் வாதம். படையல் பதினொன்றுக்கு மேல்தான் நடந்தது. பத்தரைக்குப் பந்தலில் உட்கார்ந்திருந்தவரின் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து இறங்குவதைப் பேரன் பார்த்துவிட்டு, சுருக்குப் பையைத் தானே திறந்து பொட்டலத்தை எடுத்திருக்கிறான். ஆயா வாயை மூடிக்கொண்டார். பூசாரி வந்து, “ஆத்தாதான் குடுக்குறா, குடி” என்று சொன்ன பிறகு குடித்தார். வீட்டிலிருந்து மீட்டரைக் கொண்டுவந்து பார்த்தபோது 68. குடித்த பிறகு பார்த்த எண் அது, முன்னால் எவ்வளவு இருந்ததோ.

விரத நாளுக்கு ஒரு தனி ஏற்பாடு தேவை என்று மறுபடி டாக்டரிடம் போனோம். சாப்பாடு தள்ளிப் போகிற நாளில் மாத்திரையும் தள்ளிப் போக வேண்டும், படையல் முடிந்து சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம் என்றார். வெள்ளிக்கிழமை ஒரு வேளை, கிருத்திகை, ஆடி ஞாயிறு, புரட்டாசி சனி எல்லாவற்றையும் பேத்தி காலண்டரில் ‘வி’ என்று குறித்தாள். வீட்டில் யாரும் விரதத்தை விடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் ஆயா மறைத்து இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

மாமியார் மருமகள் சண்டை தீர்ந்ததா என்றால், இல்லை. கூழ் கெட்டியாக இருக்கிறது, நொய் வேகவில்லை என்ற பேச்சு தினமும் நடக்கிறது. பட்டினி என்ற சொல் மட்டும் இப்போது யார் வாயிலும் வருவதில்லை.

இதில் சரியாகாமல் நிற்பது மருமகளின் பாடு. அவர் எழுந்திருக்கும் நேரம் நாலரை, அது மாறவே இல்லை. தண்ணீர் நாளில் அவருடைய காலைச் சாப்பாடு வேலை இடத்தில் பதினொன்று மணி டீயோடு இரண்டு பன். ஜூலையில் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். இப்போது இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறார். டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதால் அதைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றச் சொன்னோம்.

அடுத்த வீட்டில் மாற்றிச் செய்வது

மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் பிடிக்கிறார்கள், வீட்டில் யாருக்கு ஷிப்ட் வேலை என்று கேட்பதைக் குழுவில் வழக்கமாக்கியிருக்கிறோம். காலை ஒன்று, மாலை ஒன்று என்று சீட்டில் எழுதினால், எல்லா வீட்டிலும் காலை ஒரே நேரத்தில் விடிகிறது என்று எடுத்துக்கொண்டதாக ஆகிறது. காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர் வீட்டில் நடுராத்திரி தாண்டியதுமே காலை. இதே தெருவில் இரவு ஷிப்ட் வீடுகளில் காலை பத்து மணிக்கு.

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்போது முதல் நாள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைச் சீட்டின் ஓரத்தில் எழுதி அனுப்புகிறோம். அந்த 188-க்குப் பக்கத்தில் இரவு 11 என்று இரண்டு வார்த்தை இருந்திருந்தால் டாக்டர் என்ன செய்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் கேட்டிருப்பார்.

வீட்டுக்கு ஒரு காலண்டர் இருக்கிறதா, அதில் யார் எழுதுகிறார்கள் என்று பார்க்கிறோம். பெரும்பாலும் சமைக்கிறவர்தான் எழுதுகிறார். நோயாளியிடம் மட்டும் பேசிவிட்டு எழுந்து வந்தால் அந்தத் தாள் கண்ணில் படாது. அதை எழுதுகிறவருக்கு என்ன உடம்பு என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்கிறோம், இந்த வீட்டில் அது நாலு மாதம் தள்ளிப்போனது.

மகன் யார்டில் நிரந்தரப் பகல் ஷிப்ட் கேட்டிருக்கிறார். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. கிடைத்தால் காலையில் பம்ப் அடிப்பது அவர் பொறுப்பு என்று பேச்சு. ஆயாவின் ராத்திரிச் சாப்பாட்டு நேரமும் அப்போது மாறும், எண்களை மறுபடி இரண்டு வாரம் எழுத வேண்டியிருக்கும். பேத்திக்கு இப்போது பதினொன்றாம் வகுப்பு. நோட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.